போலீஸ் அடிக்கும் வீடியோ வைரலானால்... நம் கண் எதைப் பார்க்கிறது? கோர்ட் எதைப் பார்க்கும்?

போலீஸ்காரர் ஒருவரை லத்தியால் அடிக்கிற 20 செகண்ட் வீடியோ குடியாத்தத்தில் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டீ ஆறுவதற்குள் இரண்டு அணி உருவாகிவிடும். "ஐயோ, இப்படியா போட்டு அடிப்பாங்க" என்பது ஒரு அணி. "அவன் இன்னா பண்ணானோ, சும்மாவா அடிப்பாங்க" என்பது இன்னொரு அணி. இரண்டு பேரும் பார்த்தது அதே 20 செகண்ட்தான்.

ஒரே வீடியோ எப்படி இரண்டு முடிவுகளைத் தருகிறது? அது கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் நடந்த சில சம்பவங்களை வைத்துப் பார்க்கலாம்.

வீடியோ இல்லாத ஒரு வழக்கு

குடியாத்தத்தில் இருந்து வேலூர் போகிறவர்களுக்கு பள்ளிகொண்டா தெரிந்த ஊர். 2015 ஜூனில் ஆம்பூரைச் சேர்ந்த 26 வயது ஷமீல் அகமது, காணாமல் போன ஒரு பெண் தொடர்பான வழக்கில் பள்ளிகொண்டா போலீஸாரால் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். விசாரணைக்குப் பிறகு உடல்நிலை மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட அவர், ஜூன் 26 அன்று இறந்தார். போலீஸ் அடித்ததால்தான் இறந்தார் என்று குடும்பத்தினர் குற்றம்சாட்டினர். மறுநாள் சனிக்கிழமை மாலை ஆம்பூரில் கலவரம் வெடித்தது. போலீஸார் தாக்கப்பட்டனர், வண்டிகள் எரிந்தன, நெடுஞ்சாலை ஸ்தம்பித்தது. இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார், சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது.

கலவர வழக்கில் 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 22 பேர் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டனர், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தெருவில் நடந்ததை ஊரே பார்த்தது, டிவியிலும் செல்போனிலும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் தொடக்கமான அந்த விசாரணையில் என்ன நடந்தது என்பதைக் காட்டும் வீடியோ எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை. அங்கே ஒரு தரப்பு சொல்வதும் இன்னொரு தரப்பு மறுப்பதும் மட்டும்தான் மிஞ்சியது.

காவல் மரண வழக்குகளில் இது பழைய பிரச்னை. ஸ்டேஷனுக்குள் நடப்பதற்கு சாட்சி பெரும்பாலும் போலீஸ்காரர்கள்தான், அவர்கள் சக போலீஸுக்கு எதிராக வாய் திறப்பது அபூர்வம், அதனால் நேரடி சாட்சியம் கிடைப்பது கஷ்டம் என்று சுப்ரீம் கோர்ட்டே 1995-ல் மத்தியப்பிரதேச வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது.

சாத்தான்குளம்: அடியே இல்லாத வீடியோ

2020 ஜூன் 19. ஊரடங்கு காலம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய பென்னிக்ஸ், அவருடைய அப்பா ஜெயராஜ் இருவரையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது புகார். ஜூன் 22 இரவு பென்னிக்ஸும், 23 அதிகாலை ஜெயராஜும் கோவில்பட்டியில் இறந்தார்கள்.

போலீஸ் எழுதிய எஃப்.ஐ.ஆர். என்ன சொன்னது? இருவரும் போலீஸாரைத் திட்டி, தரையில் உட்கார்ந்து புரண்டதால் காயம் ஏற்பட்டது என்றது.

பிறகு கடைத் தெருவின் சிசிடிவி காட்சி வெளியே வந்தது. அதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஜெயராஜ் போலீஸ் வண்டியை நோக்கி நடந்து போகிறார். பின்னால் பென்னிக்ஸ் போகிறார். யாரும் தரையில் புரளவில்லை, கைகலப்பும் இல்லை. வன்முறை எதுவுமே இல்லாத சாதாரண தெருக் காட்சி. ஆனால் எஃப்.ஐ.ஆரை ஆட்டம் காண வைத்தது அந்த வெறும் காட்சிதான். அங்கே காயம் ஏற்படவில்லை என்றால், வேறு எங்கே ஏற்பட்டது என்ற கேள்வி உடனே எழுந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஸ்டேஷன் சிசிடிவி என்ன ஆனது? ஹைகோர்ட் உத்தரவின்பேரில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பாரதிதாசன் தன் அறிக்கையில் அதைச் சொன்னார். ஹார்ட் டிஸ்க்கில் தேவையான இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19-ம் தேதி காட்சி இல்லை. மாஜிஸ்திரேட்டுக்கே ஸ்டேஷனில் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவிட்டது. அப்போது உள்ளே நடந்ததைச் சொன்னது கேமரா இல்லை. அதே ஸ்டேஷனில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், இரவு முழுக்க நடந்த அடியைப் பற்றி வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 9 போலீஸார் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது.

அடி விழும் காட்சி இருந்தால்தான் ஆதாரம் என்று பலர் நினைக்கிறார்கள். சாத்தான்குளம் அப்படி இல்லை. போலீஸ் எழுதி வைத்த கதையோடு ஒத்துப் போகாத எந்தக் காட்சியும் ஆதாரம்தான்.

திருப்புவனம்: ஜன்னல் வழியாக எடுத்த சில விநாடிகள்

ஐந்து வருஷம் கழித்து, 2025 ஜூன் 27. சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார் மீது, காரில் இருந்த நகை காணாமல் போனதாகப் புகார் வந்தது. தனிப்படை போலீஸார் அவரை விசாரித்தனர். 28-ம் தேதி அவர் இறந்தார். தப்பி ஓட முயன்றபோது கீழே விழுந்தார், வலிப்பு வந்தது என்பது போலீஸ் தரப்பின் முதல் கதை.

இங்கே ஒரு வீடியோ இருந்தது. கோயிலோடு தொடர்புடைய ஒருவர் மறைந்து நின்று ஜன்னல் வழியாக செல்போனில் எடுத்தது. சாதாரண உடையில் இருக்கும் ஆட்கள் அஜித்குமாரை அடிப்பது அதில் தெரிகிறது. ரொம்ப நேரம் ஓடுகிற வீடியோ இல்லை. அவர் இறப்பது அதில் இல்லை. எந்த அடியால் இறந்தார் என்பதும் இல்லை.

அப்படியானால் அது ஏன் அவ்வளவு வலுவாக நின்றது? பிரேதப் பரிசோதனையில் உடலில் 44 காயங்கள் பதிவாகியிருந்தன. விழுந்தால் 44 இடத்தில் அடிபடாது. வீடியோ எடுத்தவர் நேரில் இருந்தார், எங்கே நின்று எடுத்தேன் என்று சொல்ல முடிந்தது. வீடியோ, காயம், எடுத்தவர் சாட்சியம் மூன்றும் ஒரே பக்கம் நின்றன. போலீஸ் கதை மட்டும் தனியாக நின்றது. ஐந்து போலீஸார் கைது செய்யப்பட்டனர். ஹைகோர்ட் நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது, வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. முதல்வர் ஸ்டாலின் அந்த அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த செல்போன் இல்லாமல் இருந்திருந்தால் 44 காயம் மட்டும் போதுமா என்றால், போதியிருக்கலாம். ஆனால் பள்ளிகொண்டாவைப் போல அதுவும் வருஷக்கணக்கில் இழுத்திருக்கும் என்று நினைக்க நிறைய இடமிருக்கிறது.

சரி, நம் கண் எவ்வளவு நம்பகமானது?

இங்கேதான் ஆராய்ச்சியாளர்கள் கொஞ்சம் சங்கடமான விஷயங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு கார் துரத்தல் வழக்கு. போலீஸ் வண்டியில் இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. 2007-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட், வீடியோவைப் பார்த்தாலே தெரிகிறது, இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை என்கிற தொனியில் போலீஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டான் கஹான் என்ற சட்டப் பேராசிரியரும் சகாக்களும் அதே வீடியோவை 1,350 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரும்பாலானவர்கள் கோர்ட் சொன்னதையே சொன்னார்கள். ஆனால் கறுப்பின மக்கள், வருமானம் குறைந்தவர்கள் போன்ற பிரிவினரில் கணிசமானவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி தெரிந்தது. போலீஸ் என்றால் யாருக்கு என்ன அனுபவம் இருக்கிறதோ, அதுவும் சேர்ந்துதான் வீடியோவைப் பார்க்கிறது.

"நல்லா உத்துப் பாரு, உனக்கே தெரியும்" என்று சொல்வோம் இல்லையா? அதுவும் வேலைக்கு ஆகாது போலிருக்கிறது. 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வில், போலீஸ்காரரும் பொதுஜனமும் மோதும் வீடியோவைப் பார்க்கும்போது, பார்க்கிறவரின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவி வைத்துக் கண்காணித்தார்கள். போலீஸ்காரரை அதிகம் உற்றுப் பார்த்தவர்களிடம்தான் கருத்து வேறுபாடு பெரிதாக இருந்தது. போலீஸ் மீது பிடிப்பு உள்ளவர் உற்றுப் பார்த்து அவருக்கு சாதகமாகவும், பிடிப்பு இல்லாதவர் அதே அளவு உற்றுப் பார்த்து எதிராகவும் முடிவு செய்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தவர்களிடம் அந்த அளவு பிளவு இல்லை.

குடியாத்தம் டீக்கடையில் இரண்டு அணி பிரிவதற்கு யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் போலீஸில் இருக்கிற வீட்டுக்காரரும், 2015-ல் ஆம்பூரில் சொந்தக்காரப் பையன் கைதான வீட்டுக்காரரும் நிஜமாகவே வேறு வேறு வீடியோவைப் பார்க்கிறார்கள்.

ஸ்லோமோஷனில் ஒரு ஆபத்து

டிவி சேனல்கள் உள்பட எல்லோரும் செய்கிற வேலை இது. அடி விழும் இடத்தை மெதுவாக ஓட்டி, வட்டம் போட்டுக் காட்டுவது. 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஒரே காட்சியை ஸ்லோமோஷனில் பார்த்தவர்கள், சாதாரண வேகத்தில் பார்த்தவர்களைவிட அதிகமாக "வேண்டுமென்றே செய்திருக்கிறார்" என்று முடிவு செய்வதைக் காட்டியது. மெதுவாக ஓடும்போது, அந்த ஆளுக்கு யோசிக்க நேரம் இருந்தது போல நமக்குத் தோன்றுகிறது. இரண்டு வேகத்திலும் காட்டினால் இந்தக் கோளாறு குறைகிறது, முழுசாகப் போவதில்லை.

எதிர்ப்பக்கமாகவும் இதைப் பயன்படுத்தலாம். 1991 மார்ச் 3-ல் லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை போலீஸார் சூழ்ந்து அடித்ததை, அருகில் குடியிருந்த ஒருவர் தன் பால்கனியில் இருந்து கேமராவில் பிடித்தார். உலகமே பார்த்தது. ஆனால் கோர்ட்டில் போலீஸ் தரப்பு வக்கீல்கள் அந்த வீடியோவைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டி, இந்த இடத்தில் இவர் எழ முயல்கிறார், இந்த இடத்தில் கை அசைகிறது, அதனால் இந்த அடி, அதனால் அடுத்த அடி என்று விளக்கினார்கள். முழுசாகப் பார்த்தால் ஒரு மனிதனைப் பல பேர் அடிக்கிறார்கள். பிரித்துப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணம். 1992 ஏப்ரலில் நால்வரும் தண்டனை இல்லாமல் வெளியே வந்தனர், நகரம் பற்றி எரிந்தது. மறு வருஷம் மத்திய அரசு தொடர்ந்த வழக்கில்தான் இருவருக்குத் தண்டனை கிடைத்தது.

கேமரா எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். போலீஸ்காரரின் சட்டையில் மாட்டிய கேமராவில் அந்தப் போலீஸ்காரரே அதிகம் தெரிய மாட்டார். எதிரே இருப்பவர்தான் ஃபிரேம் முழுக்க இருப்பார். இப்படி எடுத்த காட்சியைப் பார்ப்பவர்கள், அதே சம்பவத்தை வண்டி கேமராவில் பார்ப்பவர்களைவிட, போலீஸ்காரர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்வது குறைவு என்று 2019 ஆய்வு ஒன்று சொல்கிறது. சென்னையில் டிராபிக் போலீஸார் சட்டையில் கேமரா மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது போலீஸ், பொதுஜனம் இரண்டு பேருக்கும் பாதுகாப்புதான். ஆனால் அதன் பார்வை ஒரு பக்கத்துப் பார்வை.

எவ்வளவு அடித்தால் சட்டப்படி சரி?

போலீஸ் கை வைக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கைது செய்யும்போது ஒருவர் பலமாக எதிர்த்தால், கைதுக்குத் தேவையான வழிகளைப் பயன்படுத்தலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 43-வது பிரிவு. தப்பிக்காமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்பாடு கூடாது என்கிறது 46-வது பிரிவு. சட்டவிரோதக் கூட்டம் என்றால் முதலில் கலைந்து போகச் சொல்ல வேண்டும், கலையாவிட்டால்தான் பலப்பிரயோகம்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று குடியாத்தத்தில் கூட்டம் நெரியும்போது போலீஸார் கையைக் கோத்து ஜனங்களைத் தள்ளுவது பலப்பிரயோகம்தான், ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதே கூட்டத்தில் ஒரு பையனைப் பிடித்து, இரண்டு பேர் கையை மடக்கிய பிறகு மூன்றாவது ஆள் லத்தியை ஓங்கினால், கேள்வி அந்த லத்தியைப் பற்றி. அதற்கு முன்னால் அந்தப் பையன் செய்தது, கை மடங்கிய பிறகு விழும் அடிக்குக் காரணமாகாது. ஸ்டேஷனுக்குள் வைத்து வாக்குமூலம் வாங்க அடிப்பது என்றால் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. அது பி.என்.எஸ். 120-வது பிரிவின்படி குற்றம், 7 வருஷம் வரை சிறை.

அதனால் ஒரு வீடியோவில் தேட வேண்டியது அடியை மட்டும் அல்ல. அடி விழும் நொடியில் அந்த ஆள் என்ன நிலையில் இருந்தார்? 2018 மே 22-ல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில், சாதாரண உடையில் ஒருவர் வேன் மேல் ஏறித் துப்பாக்கியால் குறிபார்த்த வீடியோ ஞாபகம் இருக்கும். அரசுத் தரப்பு கலவரத்தைப் பற்றிப் பேசியது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் வேறு கேள்வி கேட்டது. எச்சரிக்கை செய்யப்பட்டதா, சுடப்பட்டவர்கள் பாய்ந்து வந்தார்களா, ஓடிக்கொண்டிருந்தார்களா? ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் எச்சரிக்கை இல்லாமல் சுடப்பட்டது என்று முடிவுக்கு வந்து, 17 போலீஸ் அதிகாரிகள், காவலர்கள் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது.

வேறு ஊர் வீடியோ

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் காட்சிகள், வேறு மாநிலக் காட்சிகள். திருப்பூரில் இருந்து தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறினார்கள். அதில் பல காட்சிகள் அசல்தான், ஒட்டிய தலைப்புதான் பொய். ஏ.ஐ. வீடியோ வந்த பிறகு எல்லோரும் போலியைப் பற்றிப் பயப்படுகிறார்கள். ஆனால் பழைய வீடியோவுக்குப் புது ஊர் பெயர் வைக்க எந்த ஏ.ஐ.யும் வேண்டாம். போலீஸ் யூனிஃபார்மின் தோள் பட்டை, பின்னால் தெரியும் கடைப் பலகையின் மொழி, வண்டி நம்பர் பிளேட்டு, இதையெல்லாம் பார்த்தாலே பாதி பிடிபட்டுவிடும்.

செல்போனில் எடுத்தது கோர்ட்டில் செல்லுமா?

செல்லும். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த காப்பியை மட்டும் காட்டினால் சிக்கல். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பகுதி உண்டு. ஒன்றைப் பதிவை வைத்திருப்பவர் தர வேண்டும், இன்னொன்றை நிபுணர் தர வேண்டும். அதில் ஹேஷ் வேல்யூ என்ற எண்ணையும் குறிப்பிட வேண்டும். அந்த ஃபைலின் கைரேகை மாதிரி அது. ஒரு செகண்டை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும்.

அதனால் எடுத்தவர் செய்யக் கூடாத முதல் வேலை, குரூப்பில் போட்டுவிட்டு போனில் டெலிட் செய்வது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கும், எடுத்த நேரம் போன்ற விவரங்கள் போய்விடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்பலாம். பாட்டு சேர்ப்பது, அம்புக்குறி போடுவது, வெட்டுவது எல்லாம் காப்பியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரிஜினல் அப்படியே அந்த போனிலேயே இருக்கட்டும்.

போலீஸை வீடியோ எடுப்பதே குற்றமா என்று பலர் பயப்படுகிறார்கள். பொது இடத்தில் போலீஸைப் படம் எடுப்பதை மட்டுமே குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை. அவர்கள் வேலையைத் தடுத்தால் அது வேறு வழக்கு, அதனால் தள்ளி நின்று எடுப்பது புத்திசாலித்தனம். ஸ்டேஷனுக்குள் எடுத்ததற்கு அரசு ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கு ஒன்றை 2022-ல் பம்பாய் ஹைகோர்ட்டின் நாக்பூர் கிளை ரத்து செய்தது. அந்தச் சட்டம் சொல்லும் தடை செய்யப்பட்ட இடம் என்பதில் போலீஸ் ஸ்டேஷன் வராது என்றது.

ஸ்டேஷன் சிசிடிவியைக் கேட்க முடியுமா?

முடியும். 2020 டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொன்னது. வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் ரூம், ஸ்டேஷனின் பின்பக்கம் என்று இடங்களையே பட்டியல் போட்டது. இரவிலும் தெரிய வேண்டும், சத்தமும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி இல்லையென்றாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது.

உத்தரவு போட்டு ஐந்து வருஷம் நெருங்கும்போதும் நிலைமை சரியாகவில்லை. ராஜஸ்தானில் சில மாதங்களில் 11 பேர் காவலில் இறந்ததாக வந்த பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. வேலை செய்யாத கேமராக்கள்தான் விஷயம்.

ஸ்டேஷனில் அடிபட்டவரோ குடும்பமோ மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் அதுவரை காத்திருந்தால் காட்சி இருக்காது என்பதுதான் சாத்தான்குளத்தில் நடந்தது. அதனால் வக்கீல்கள் முதலில் செய்வது, பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் உடனே மனு கொடுப்பது. மனுவில் தேதி, எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை, எந்த கேமரா என்று குறிப்பிட வேண்டும். அப்படிக் கேட்டால், "அன்னைக்கு கேமரா ரிப்பேர்" என்ற பதிலையும் போலீஸ் எழுத்தில்தான் தர வேண்டியிருக்கும்.